கேட்டுக்காரர் போட்ட ஆல்ப்ஸ் டூர்

ஒரு ரயில்வே கேட்டில் நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறீர்கள்? பத்து நிமிஷம்? கால் மணி? அப்படியானால் நீங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் வந்ததே இல்லை. எங்கள் தெருமுனையில் ஹார்பர் லைன் குறுக்கே போகிறது. கூட்ஸ் வண்டி வருகிறது என்று கேட்டை மூடுவார்கள். வண்டி வராது. வந்தால் பாதியில் நிற்கும். நின்றது பின்னால் போகும். அதற்குள் இந்தப் பக்கம் ஒரு கல்யாணமே பேசி முடித்துவிடலாம். ஒன்று கிட்டத்தட்ட அப்படித்தான் முடிந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த கேட்டுக்காரருக்குச் சம்பளப் பட்டியலில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கேட்டு நைனா. ஆள் பனைமர உயரம், நீலச் சட்டை, அக்குளில் சுருட்டிய பச்சைக்கொடி, காதில் ஒரு கட்டைப் பென்சில். கொடியை விட அந்தப் பென்சிலைத்தான் அவர் அதிகம் உபயோகித்தார். கேட்டில் யார் வந்து மாட்டினாலும் ஒரே கேள்வி.

“எங்கப்பா போற?”

சொன்னால் தொலைந்தீர்கள். உதவாத ரயில்வே ஃபாரம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் உங்கள் பயணத்தை எழுத ஆரம்பித்துவிடுவார். எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எங்கே இட்லி நன்றாக இருக்கும், எங்கே ஒண்ணுக்குப் போகலாம். கேட் மூடியிருப்பதால் ஓடவும் முடியாது.

காசிமேட்டு மீன்காரி ஒருத்தி கூடையும் தலையுமாக நின்றாள். “நான் பாரீஸ் கார்னர் போறேன் நைனா, வுடு.”

“அது இன்னிக்கு. திருப்பதி எப்போ போவே?”

“நான் எங்க திருப்பதி போவேன்னு சொன்னேன்?”

“போவாம இருந்துடுவியா? எழுதி வெச்சிக்கோ. மலை ஏறச் சொல்ல கூடையைத் தூக்கினு போவாத, வழக்கத்துல கை தானா தூக்கிடும்.”

இரண்டு வருஷம் கழித்து அவள் போனாள். அந்தக் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனாள். திரும்பி வந்ததும் நேராக கேட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கதை சொன்னாள். அதுதான் அவருக்குக் கூலி. ஒரு வெற்றிலை கூட வாங்கமாட்டார். ஆனால் போய்வந்து ஒன்று விடாமல் சொல்லவேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போனவனை அடுத்த தடவை கேட் மூடும்போது பெயர் சொல்லித் திட்டுவார்.

எங்கள் தெருவே சேர்ந்து ஒரு தடவை மகாபலிபுரம் போனது. இருபத்திரண்டு பேர், ஒரு வாடகை வேன். நைனா கொடுத்த திட்டத்தை அப்பா வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ‘11.20 முதல் 11.30 வரை: சண்டை’ என்று எழுதியிருந்தது.

“இன்னா நைனா இது?”

“இருவத்திரண்டு பேரு, ஒரு தண்ணிக் கூஜா. சண்டை இல்லாம எப்டி? நானா டயம் ஒதுக்கிட்டா உனுக்கு நல்லது. இல்லாட்டி சோறு துன்ற டயத்துல வந்து பூந்துக்கும்.”

அப்பா சிரித்தார். மறுநாள் பதினொன்று இருபதுக்குக் கடற்கரையில் கூஜாவை யாரோ காலால் தட்டிவிட, அப்பாவும் சித்தப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பங்குச் சுவர் விவகாரம் எல்லாம் வெளியே வந்தது. திடீரென்று அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொண்ணரை ஆச்சி. நைனா டயம் முடிஞ்சிது” என்றார். இருவரும் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் நைனா எங்கேயும் போனதில்லை. அவர் ஏறிய ஒரே ரயில், கண் பரிசோதனைக்காகப் பெரம்பூருக்கு. போய்விட்டு வந்து அதைப் பற்றி ஒரு மாதம் பேசினார். “நீ ஏன் நைனா எங்கியும் போறதில்ல?” என்று கேட்டால், “கேட்டை உங்க அப்பனா தொறப்பான்?” என்பார்.

அவருடைய திட்டங்களில் அசைக்க முடியாத சட்டம் ஒன்று உண்டு. பேசின் பிரிட்ஜ் கணக்கு. சென்ட்ரலுக்கு வருகிற எந்த வண்டியும் பேசின் பிரிட்ஜுக்கு வெளியே சிக்னலுக்காக நாற்பது நிமிஷம் படுத்துக்கிடக்கும். ஆகவே எந்த வண்டிக்கும், போகும்போது நாற்பது, வரும்போது நாற்பது சேர்த்துத்தான் எழுதுவார். “பெரிய ஸ்டேஷன் எங்கெல்லாம் கீதோ, அங்கெல்லாம் அதுக்கு முன்னாடி ஒரு பேசின் பிரிட்ஜ் இருந்தே தீரும்” என்பது அவர் கொள்கை. இந்த நாற்பது நிமிஷத்தால் ஒரு தடவை கூட அவர் திட்டம் தவறியதில்லை. ஜெனோவா வரும்வரை.

என் மாமா, அம்மாவின் தம்பி, கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஆறு தடவை ஐரோப்பா போய்வந்திருந்தார். எங்கள் தெருவில் அவர் நடந்தால் சீமையே நடக்கிற மாதிரி இருக்கும். திருவொற்றியூரில் அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன்னால் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. பெண் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா பேசின் பிரிட்ஜ் யார்டில் ஷண்டிங் டிரைவர். டீ வந்தது. ஒரு தகர டப்பாவில் பிஸ்கோத்து வந்தது. பெண் தலையைக் குனியவில்லை.

“ஆறு தபா போயிட்டு வந்தீங்களாமே. அங்க பார்த்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

மாமா தொண்டையைக் கனைத்தார். “பாய்லர் பார்த்தேங்க.”

“அது கப்பல்ல. கப்பலுக்கு வெளியில?”

மாமா வெகுநேரம் யோசித்தார். “பொகபோக்கி” என்றார். “அதும் எங்க கப்பலுதுதான்.”

பாவம், உண்மைதான். கரி அள்ளுகிறவனுக்குக் கரைக்குப் போக விடுமுறை கிடைக்கும், ஆனால் குளித்துத் தூங்கத்தான் நேரம் சரியாக இருக்கும். பெண் டப்பாவின் மூடியைத் துடைத்து மாமா கையில் கொடுத்தாள். அதில் ஒரு படம். பனி மலை, அடியில் ஏரி, ஏரிக்கரையில் கோட்டை.

“இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்துட்டு வாங்க. வந்து சொல்லுங்க. அப்புறம் மத்ததைப் பேசலாம்.”

திரும்பும் வழியெல்லாம் அம்மா புலம்பினாள். “பொண்ணு பார்க்கப் போனா பொண்ணு நம்பளுக்குப் பரீட்சை வெக்கிது. வேற எடம் பார்த்துக்கலாம்டா.”

“வேணாங்க்கா” என்றார் மாமா, மூடியை மடியில் வைத்துக்கொண்டு. “நாலு எடம் பார்த்தோம். ஒரு பொண்ணு என்னைப் பார்த்து கேள்வி கேட்டுச்சா? இதுதான் கேட்டுச்சு. கட்டினா இதைத்தான் கட்டுவேன்.”

கேட் மூடியிருந்தது. நைனா மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். காதிலிருந்து பென்சில் இறங்கியது.

அடுத்த மாதம் மாமாவின் கப்பல் கிளம்பி, நடுவில் ஐரோப்பாவில் ஜெனோவா துறைமுகத்தில் நிற்கும். ஒரே ஒரு பகல் விடுமுறை. இரவு பத்து மணிக்குக் கப்பல் எடுத்துவிடும். அதைத் தவறவிட்டால் வேலை போகும், கப்பல் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதுவார்கள், இந்த ஜன்மத்தில் வேறு கப்பல் கிடைக்காது. வேலை இல்லாதவனுக்குத் திருவொற்றியூரில் டீ கூடக் கிடைக்காது. போய்ப் பார்க்கவும் வேண்டும், பத்துக்குள் திரும்பவும் வேண்டும்.

“ஒரு நாளு. தனி ஆளு. கூட ஒரு கைடு வேணும்” என்றார் நைனா.

“கைடுக்கு எங்க போறது?”

“நான் இன்னாத்துக்குக் கீறேன்? எழுத்துல வரேன்.”

நான் அப்போது காலேஜில் முதல் வருஷம். என் அட்லாஸை எடுத்துவரச் சொன்னார். ஜெனோவாவுக்கு மேலே பழுப்பாக ஆல்ப்ஸ் இருந்தது. அதில் நீலமாகச் சில கீறல்கள். கிட்ட இருந்த கீறலில் நகத்தை வைத்தார். கோமோ.

“ஏரி சரி நைனா. அங்க கோட்டை இருக்கும்னு யார் சொன்னது?”

“இம்மாம் பெரிய ஏரி இருந்தா ராஜா குளிக்க வந்துகினு இருந்திருப்பான். வந்தவன் எங்க தங்குவான், சத்திரத்துலயா? கோட்டை கட்டித்தான் இருப்பான்.”

ரயில் நேரம்? அதற்கும் வழி இருந்தது. முந்தின தடவை மாமா ஜெனோவாவில் வாங்கிய கண்ணாடிக் கூஜாவைச் சுற்றி வந்த காகிதம், அங்குள்ள ரயில்களின் கால அட்டவணை. அம்மா அதை அலமாரியில் விரித்திருந்தாள். “பாஷைதான் வேற. நம்பர் நம்பளுதுதான்” என்று நைனா அதன்மேல் கவிழ்ந்தார். மூன்று வாரம் வேலை நடந்தது. கேட்டில் நிற்கிற கூட்டம் முழுக்க அபிப்பிராயம் சொன்னது. ஒரு ரிக்‌ஷாக்காரர் கம்பளி எடுத்துப் போகச் சொன்னார். மீன்காரி, கூடையைத் தூக்கிக்கொண்டு போகாதே என்றாள்.

முடிவில், சணல் போட்டுத் தைத்த ஒரு நோட்டுப் புத்தகம். எனக்கு அது இன்னும் மனப்பாடம்.

‘5.00. எழுந்திரு. மூஞ்சி கழுவு. கரி போவாது, ரெண்டாந்தபா கழுவு.

‘6.30. ஹார்பர் வாசல்ல பாஸ் காட்டு. சிரிக்காத. சிரிச்சா சந்தேகப்படுவான்.

‘ஏழு மணி வண்டி. ஏழு நாப்பதுக்குத்தான் எடுப்பான். ஏழே காலுக்குப் போனா போதும். முன்னாடியே போயி குந்திகினு கண்டதை வாங்கித் துன்னாத.

‘டிக்கெட் கேக்க பாஷை வேணாம். மூடியைக் காட்டு.

‘மிலான்ல வண்டி மாறு. முழிக்கிறது: 15 நிமிசம்.

‘ஏரி. பேசாம பாரு. 20 நிமிசம். அழுகை: 5 நிமிசம்.’

இந்த இடத்தில் மாமா கொதித்தார். “நான் இன்னாத்துக்கு நைனா அழுவப் போறேன்?”

“எனுக்கின்னா தெரியும்? எதுக்கும் இருக்கட்டும். வரலேன்னா அந்த அஞ்சி நிமிசத்துல ஒண்ணுக்குப் போ.”

‘போட்டு ஏறி அக்கரை போ. கோட்டை. படிக்கட்டு எண்ணு. ராஜா படுத்த கட்டில் எங்கன்னு கேளு.

‘மூணு மணி வண்டியில திரும்பிடு. ரெண்டு வண்டி, ரெண்டு பேசின் பிரிட்ஜ். ஒரு நிமிசம் லேட் பண்ணே, கப்பல் போச்சி, பொண்ணு போச்சி.’

மாமா போனார். எட்டு மாதம் கழித்து வந்தார். ஹார்பரிலிருந்து ரிக்‌ஷாவில் வரும்போது வழக்கம்போல கேட்டில் மாட்டினார். நைனா கொடியைக் கூடச் சுருட்டவில்லை.

“எப்டி?”

“எல்லாம் நீ எழுதினபடிதான் நைனா.”

“படிக்கட்டு?”

“நூத்தியெட்டு.”

“கட்டில்?”

“தேக்குல. இம்மாம் பெருசு.”

நைனாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு கூட்ஸ் வண்டி சீக்கிரம் போய்விட்டது என்று வருத்தப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர். மாமா அதே கதையை அங்கேயும் எடுத்துவிட்டார். ஏரி, படகு, கோட்டை, நூற்றெட்டுப் படி, தேக்குக் கட்டில். பெண்ணின் அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு கேட்டார். அம்மா தாம்பூலத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பெண் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏரிக்கரையில நிக்கும்போது வெயில் முன்னாடி அடிச்சுதா, முதுகுலயா?”

மாமா மடியிலிருந்த டப்பா மூடியைப் பார்த்தார்.

“வெயிலே இல்லீங்க. மேகம். மலையே தெரியல.”

“அப்புறம்?”

“கோட்டைக்கும் போவலீங்க.”

அம்மா தட்டைத் திரும்பத் தள்ளி வைத்தாள். மாமா தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். ஏழே காலுக்கு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். மூடியைக் காட்டியிருக்கிறார். ஜன்னலில் இருந்தவன் சிரித்து, கோமோ என்று சொல்லி டிக்கெட் கொடுத்திருக்கிறான். பிளாட்பாரத்தில் வண்டி இல்லை. காத்திருந்தார். எட்டாயிற்று. ஒரு போர்ட்டரிடம் அட்டவணையைக் காட்டினார். அவன் கடிகாரத்தைக் காட்டினான், தண்டவாளத்தைக் காட்டினான், கையை வீசினான்.

“ஏழு மணி வண்டி ஏழு மணிக்கே போயிடுச்சுங்க.”

பெண்ணின் அப்பா தொடையைத் தட்டுவதை நிறுத்தினார்.

“அடுத்தது பத்து மணிக்கு. அதும் பத்து மணிக்கே எடுத்தான். மிலான்லயும் சொன்ன டயம்தான். நான் ஏரிக்குப் போகச் சொல்ல மணி ஒண்ணரை. கோட்டை அக்கரையில கீது. போட்டுல போக நாப்பது, வர நாப்பது. மூணு மணி வண்டியை வுடாதேன்னு நைனா எழுதியிருக்காரு. போட்டு எம் முன்னாடியே போச்சு. கப்பல்ல கட்டிக் குடுத்த ரொட்டியைத் துன்னுகினு, அக்கரையைப் பார்த்துகினே இருந்துட்டு வந்துட்டேங்க. திரும்பச் சொல்லயும் எல்லாம் கரெக்ட் டயம். ஆறே முக்காலுக்கு ஜெனோவா. கப்பல் பத்துக்கு. அஞ்சி மணி வண்டியில வந்திருந்தாக்கூட போதும்.”

பெண்ணின் அப்பா எழுந்தார்.

“தம்பி, கோட்டைன்னே, நம்புனேன். நூத்தியெட்டுப் படின்னே, நம்புனேன். ராஜா கட்டிலு, அதையும் நம்புனேன். நாலு வண்டி ஏறி நாலும் டயத்துக்கு வந்துச்சுன்றே பாரு. முப்பது வருசமா யார்டுல கீறேன். என்னாண்டயே உடான்ஸ் வுடறியா?”

“அப்பா” என்றாள் பெண். “உடான்ஸ் வுடறவரு கோட்டையோட நிறுத்தியிருப்பாரு. பாக்கலன்னு ஏன் சொல்லணும்?”

மூடியை மாமாவிடமிருந்து வாங்கினாள். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து அதன் மேல் வைத்து அழுத்தினாள். டப்பென்று மூடிக்கொண்டது.

“ஒம்பது மாசமா மூடி இல்லாம பிஸ்கோத்து நமத்துக் கெடக்கு” என்றாள்.

அம்மா தாம்பூலத் தட்டை மறுபடியும் இழுத்தாள்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நைனாவுக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் திங்கட்கிழமை காலை ஹார்பர் லைனில் வந்த எஞ்சின், எங்கள் கேட்டுக்கு நடுவில் வந்து நின்றது. மேலேயிருந்து பெண்ணின் அப்பா தலையை நீட்டினார்.

“யோவ் கேட்டு. உன் டூர்ல வண்டியெல்லாம் டயத்துக்கு வந்துச்சாம். எம் மாப்பிள்ளை சொல்றான்.” சிரித்துவிட்டு எஞ்சினை எடுத்துக்கொண்டு போனார்.

மாமா அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நைனா கேட்டைத் திறக்காமல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் பார்த்து அவர் கேட்டை விட்டு வந்தது அந்த ஒரே தடவைதான்.

“நூத்தியெட்டுன்னியே.”

“உன் மனசு கஷ்டப்படும்னு நைனா.”

“கூலி குடுக்கச் சொல்ல செல்லாக் காசைக் குடுத்துட்டியேடா.” வாசல்படியில் உட்கார்ந்தார். “சரி. இப்ப ஒழுங்காச் சொல்லு.”

மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு ஒன்று விடாமல் சொன்னார். அழுகைக்கு வந்ததும் குரல் இறங்கியது. “ஏரிக்கு வெச்ச அழுகையை ஸ்டேஷன்லயே செலவு பண்ணிட்டேன் நைனா. வண்டி போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் அங்கியே பெஞ்சில குந்தி.”

“அஞ்சி நிமிசம் பத்துச்சா?”

“பத்தல.”

கேட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள் கட்டி நின்றன. “இன்னா நைனா, அங்கியே குடித்தனம் வெச்சிட்டியா?” என்று யாரோ கத்தினார்கள். நைனா அதைக் கேட்கவில்லை. அவர் கவலை வேறு.

“அந்த ஊர்ல அப்போ வண்டியும் டயத்துக்கு வருது, கேட்டும் டயத்துக்குத் தொறந்துடுவான்?”

“ஆமா நைனா.”

“அப்போ ஜனங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்போ பேசிக்குவாங்க?”

மாமா உள்ளே போய் சணல் தைத்த நோட்டை எடுத்துவந்தார். நைனா அதை வாங்கி, பென்சிலை நாக்கில் தொட்டு, ‘ஏழே காலுக்குப் போனா போதும்’ என்பதை அடித்தார். பக்கத்தில், ‘என் தப்பு’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பிறகு போய் கேட்டைத் திறந்தார்.

கல்யாணத்துக்கும் அவர்தான் திட்டம் போட்டார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நாற்பது நிமிஷம் அதிகமாக வைத்திருந்தார். அம்மா, இன்னும் திருந்தவில்லையா என்றாள். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எங்கள் ஊர்வலம் வந்தபோது கேட் மூடியது. கூட்ஸ் வண்டி நாற்பது நிமிஷம் நின்றது. தாலி சரியான நேரத்தில் கட்டப்பட்டது. நைனா கல்யாணத்துக்கு வரவில்லை. கேட்டை யார் திறப்பது?

போன வருஷம் ரிட்டயர் ஆகி அரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போனார். சென்ட்ரலுக்கு மாமாவும் அத்தையும் நானும் போயிருந்தோம். அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. “திட்டம் போடலியா நைனா?” என்றாள் அத்தை. “வண்டி எடுத்தா போகும்” என்றார். வண்டி எடுத்தது, ஐம்பது நிமிஷம் தாமதமாக. அந்த ஐம்பது நிமிஷமும் பெட்டி முழுக்க ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார், எங்கே போகிறீர்கள் என்று. போய் எப்படி இருந்தது என்று வந்து சொல்கிறேன் என்றார். இன்னும் வரவில்லை.

புது கேட்டுக்காரர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மாமாவும் அத்தையும் இன்று மேட்னி போகக் கிளம்பினார்கள். கேட் மூடியிருக்கிறது. ஜன்னலிலிருந்து பார்த்தால் ரிக்‌ஷாவில் இருவரும் சண்டை போடுவது தெரிகிறது. ஏழாவது நிமிஷம். நைனா கணக்கில் இன்னும் மூன்று பாக்கி.